ஷோரூமில் மாட்டிய ஆக்சஸரீஸ் சரியில்லையா? சோதிப்பது முதல் பணத்தைத் திரும்ப வாங்குவது வரை

புது பைக் டெலிவரி நாளில் ஷோரூமிலேயே அதிக அவசரத்தில் இருப்பவர் ஆக்சஸரீஸ் மாட்டுகிற ஃபிட்டர்தான். முகூர்த்த நாளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக ஒரு குடும்பம் நிற்கும். ராகு காலத்துக்குள் வண்டி கிளம்பியாக வேண்டும் என்று பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உள்ளே அந்த மனிதர் லெக் கார்டு, சாரி கார்டு, சீட் கவர், மொபைல் சார்ஜர், ஃபாக் லைட் என்று அத்தனையையும் அரை மணி நேரத்தில் மாட்டி முடிக்க வேண்டும். பல இடங்களில் அவர் கம்பெனி பயிற்சி பெற்ற மெக்கானிக்கே கிடையாது. ஆக்சஸரீஸ் சப்ளை செய்பவர் அனுப்பிய ஆள், வண்டிக்கு இவ்வளவு என்று கூலி.

அதனால் சீட் கவர் சுருங்கியிருப்பதும் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருப்பதும் அதிசயமில்லை. அதற்கெல்லாம் சண்டை போட்டால் நம் நேரம்தான் வீண். ஆனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது: ஹேண்டில் திரும்புவது, பிரேக், ஒயரிங். இவற்றில் எதையாவது ஆக்சஸரீஸ் தொந்தரவு செய்கிறது என்றால், "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். அழுந்திய ஒயர் ஓட ஓட அறுபடும், செட் ஆகாது.

பில் போடும்போதே தொடங்குகிறது

கோளாறு வந்தபிறகு தேடினால் கிடைக்காதது ஆக்சஸரீஸ் பில்தான். வண்டிக்கு முறையான ஜி.எஸ்.டி. பில் தருவார்கள். ஆக்சஸரீஸுக்கு வெள்ளைத் தாளில் மொத்தமாக ஒரு தொகை எழுதிக் கொடுப்பார்கள், அல்லது ஆன் ரோடு கொட்டேஷனில் "ஃபிட்டிங்ஸ்" என்று ஒற்றை வரி. பின்னால் பிரச்சினை வந்தால், "இதை நாங்க போடலையே" என்று சொல்ல அந்த ஒற்றை வரி வசதியாகப் போய்விடும். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், விலை, மாட்டும் கூலி தனித்தனியாக வருகிற மாதிரி பில் கேளுங்கள். அது கம்பெனியின் சொந்த ஆக்சஸரியா, வெளிக் கம்பெனிப் பொருளா என்பதும் அதில் இருக்கட்டும். பில் தர மறுத்தால் கொட்டேஷனைப் படம் பிடித்து, பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். அதுவே சாட்சியாகும்.

இன்னொன்று. "இந்த பேக்கேஜ் எடுத்தாத்தான் சார் உடனே டெலிவரி" என்று சொன்னால் மசியாதீர்கள். ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் செய்யக்கூடிய 'கட்டுப்பாட்டு வணிக முறை' (restrictive trade practice). சாரி கார்டு கதையே வேறு. பின்சக்கரத்தில் பாதியாவது மூடுகிற காப்பு மோட்டார் சைக்கிளில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அதை "ஆப்ஷனல் ஆக்சஸரி" என்று விலை போட்டால், ஏன் என்று கேட்கலாம்.

ஷோரூம் வாசலைத் தாண்டும் முன் பத்து நிமிடம்

பூஜை முடியட்டும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் துளியும் மாறக்கூடாது. ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் ரெய்ஸ் ஆகிறதென்றால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. மொபைல் ஹோல்டரோ ஹேண்ட் கார்டோ மாட்டிய வண்டிகளில் இது சகஜம். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் எந்தக் கோணத்திலும் அது தானாகவே திரும்ப வேண்டும். புது கிரிப் மாட்டியிருந்தால் அதன் ஓரம் ஸ்விட்ச் பெட்டியில் உரசி நின்றுவிடுவதுண்டு. இது ஆளைக் கொல்லும் கோளாறு. சரிசெய்யாமல் வண்டியை ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம்.

இரண்டு கோடிகளிலும் ஹார்ன், இண்டிகேட்டர், ஹெட்லைட், ஸ்டார்ட்டர் நான்கையும் தட்டிப் பாருங்கள். முன் பிரேக் லிவரை முழுதாகப் பிடியுங்கள். ஹேண்ட் கார்டில் இடிக்கிறதா? பிரேக் விளக்கு எரிகிறதா? பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைப் பலமாக அமுக்குங்கள். சாதாரண வண்டியிலேயே முன் சஸ்பென்ஷன் 100 மி.மீ.க்கு மேல் இறங்கும். நிற்கும்போது மட்கார்டுக்கும் ஃபாக் லைட் கிளாம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கிறதென்றால், முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே இரண்டும் மோதும்.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியாக இருந்தால் டேஷ்போர்டில் அந்த விளக்கு, வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சக்கரத்துப் பக்கம் இருக்கும் சென்சார் ஒயரைப் பாருங்கள். மட்கார்டு எக்ஸ்டென்ஷன் மாட்டும்போது அதை நசுக்கியிருக்கலாம்.

டெஃப்லான் கோட்டிங், துருத்தடுப்பு ஸ்ப்ரே என்று காசு கொடுத்திருந்தால் பிரேக் டிஸ்க்கைக் கட்டாயம் பாருங்கள். மறைக்காமல் அடித்த ஸ்ப்ரே டிஸ்க்கிலும் டயரிலும் படிந்திருக்கும். முதல் பிரேக்கில் வண்டி நிற்காது. டிஸ்க்கை பிரேக் க்ளீனரால் துடைத்துவிடலாம், ஆனால் பேடில் ஊறிவிட்டால் பேடை மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு அவர்களுடையது.

ஃபிட்டரைத் திட்டாதீர்கள். "அண்ணே, ஒரு தடவை ஃபுல்லா திருப்பிப் பார்த்துடலாமா?" என்று பக்கத்தில் நின்று கேட்டால், அந்த இடத்திலேயே இரண்டு கேபிள் டையை வெட்டிவிட்டு ஒழுங்காகக் கட்டிக் கொடுப்பார். மேனேஜர் வழியாகப் போனால் அதே வேலைக்கு அரை நாள்.

வீட்டுக்கு வந்தபின் ஒயரிங்கைப் பார்ப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போல்ட் லூஸாக இருந்தால் சத்தம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒயரிங் தப்பு மழைக்காலம் வரை அமைதியாகக் காத்திருக்கும்.

என் சித்தப்பா மகன் வண்டியில் இப்படித்தான் ஆனது. ஷோரூமிலேயே ஃபாக் லைட் போட்டுக் கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் இடது பக்கம் வளைத்தால் மட்டும் ஹார்ன் வேலை செய்யவில்லை. போய்க் கேட்டால், "எல்லா வண்டிக்கும் மழையில அப்படித்தான் சார்." ஹெட்லைட்டைக் கழற்றச் சொல்லி நானும் கூடவே நின்று பார்த்தேன். ஃபாக் லைட் ஒயரை ஹார்ன் ஒயரோடு சேர்த்து முறுக்கி, மேலே வெறும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. ஒயர் சட்டகத்துக்கும் ஸ்டியரிங் ஸ்டாப்பருக்கும் நடுவே கிடந்ததால் ஒவ்வொரு திருப்பத்திலும் நசுங்கியிருந்தது. இருபது இழைகளில் நாலைந்துதான் மிச்சம்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியும். ஃபாக் லைட்டுக்குப் பவர் பேட்டரியிலிருந்து நேராக வரவேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். நடுவே ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். அந்த ரிலேவை இயக்க மட்டும், சாவி போட்டால் உயிர் வருகிற ஒயர் ஒன்றிலிருந்து சிறு மின்சாரம் எடுப்பார்கள். ஒயர் முழுக்க ஸ்லீவுக்குள் போகவேண்டும், இணைப்புகள் கப்ளரில் (செருகிக் கழற்றும் பிளக்கில்) முடிய வேண்டும். வண்டியின் சொந்த ஒயரிங்கில் கத்தி படவே கூடாது. ஹெட்லைட் ஸ்விட்ச் ஒயரைச் சுரண்டி அதில் நேராக முறுக்கியிருந்தால், அல்லது பல்லால் கடித்த மாதிரி ஒயரில் குத்தி நிற்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் இருந்தால், அதைப் பிரிக்கச் சொல்லலாம். இப்போதைய வண்டிகள் பலவற்றில் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரு கண்ட்ரோல் யூனிட் வழியாகத்தான் போகின்றன. அங்கே ஒட்டுப்போட்டால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியும்.

ஃபியூஸ் கணக்கு எளிது. 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் மூன்றரை ஆம்பியருக்கும் குறைவு. 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அங்கே 20 ஆம்பியர் ஃபியூஸைச் செருகியிருந்தால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். ஃபியூஸே இல்லாமல் விட்டவர்களும் உண்டு.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால் ஜி.பி.எஸ். கருவி, அலாரம், மொபைல் சார்ஜர் மூன்றின் மீதும் சந்தேகப்படுங்கள். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைப் போடவோ ஸ்டார்ட்டரை அழுத்தவோ கூடாது, மீட்டர் போய்விடும். வண்டிக் கடிகாரத்துக்கும் மெமரிக்கும் சில மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் கரைகிறது. 8 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரு வாரத்துக்குள் காலி, ஸ்டார்ட்டர் அதற்கும் முன்பே முனகத் தொடங்கும்.

அடுத்து எல்லா விளக்குகளையும் போட்டு, இன்ஜினை 3000 ஆர்.பி.எம். அளவில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். ஃபாக் லைட் போட்டதும் 13க்குக் கீழே விழுந்தால் அந்த வண்டியின் சார்ஜிங்குக்கு அந்த விளக்கு அதிகம் என்று அர்த்தம். பிறகு எவ்வளவு அழகாக ஒயரிங் செய்தாலும் பயனில்லை.

போல்ட், மரை, லெக் கார்டு

லெக் கார்டு பல வண்டிகளில் இன்ஜின் மவுண்டிங் போல்ட்டோடு சேர்ந்து மாட்டப்படும். அந்த போல்ட்டை உருவினால் இன்ஜின் சற்று இறங்கும். கீழே ஜாக்கி கொடுக்காமல் சுத்தியலால் தட்டி ஏற்றினால் மரை போய்விடும். வண்டியை நேராக நிறுத்தி, லெக் கார்டின் இரு முனைகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். ஃபிட்டிங்குக்கு முன் இல்லாத அதிர்வு இப்போது கால்வைக்கும் இடத்தில் வருகிறதென்றால், கார்டை வலுக்கட்டாயமாக இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கலாம். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, கார்டை இருப்புக்குக் கொண்டுவந்து, பிறகு சமமாக இறுக்கினால் பெரும்பாலும் தீரும்.

எத்தனை இறுக்கம் என்பதற்குக் கணக்கு உண்டு. சாதாரண 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்பது தோராயம், சரியான எண் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொல்லுங்கள். எல்லா அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் அது இருக்க வேண்டும். எடுத்துவரச் சொன்னால் சில இடங்களில் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கண்ணாடி மாற்றியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் சுற்றும். சாதாரணக் கண்ணாடியை அதில் முறுக்கி ஏற்றினால் பிரேக் லிவர் பிடிமானத்தின் மரையே சிதையும். இது கண்ணாடி விலையோடு நிற்கிற செலவு கிடையாது.

கழற்றும் முன் எழுத வையுங்கள்

கோளாறு தெரிந்ததும் தெருமுனை மெக்கானிக்கிடம் போய்ப் பிரிப்பதுதான் நம் முதல் உந்துதல். பொறுங்கள். வெளி ஆள் கை வைத்த நிமிடமே, "இதை வெளியில பார்த்திருக்கீங்க சார்" என்று ஷோரூம் ஒதுங்கிக்கொள்ளும், வாரண்டியும் சிக்கலாகும். ஆபத்தான கோளாறு என்றால் வண்டியை ஓட்டாமல் ஷோரூமையே வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

முதலில் வீடியோ. நம்பர் பிளேட்டில் தொடங்கி, வெட்டாமல், கோளாறு இருக்கும் இடம் வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது ஹார்ன் நிற்பது போன்றவை படத்தில் விழாது, வீடியோவில்தான் விழும். கிலோமீட்டர் ரீடிங்கும் தெரியட்டும்.

பிறகு சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு, அதாவது வண்டியில் என்ன குறை, என்ன வேலை என்று அவர்கள் எழுதும் தாள். என்னைக் கேட்டால் இந்தச் சண்டையே இந்த ஒரு தாளில்தான் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் பெரும்பாலும் "ஜெனரல் செக்கப்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டுவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "டெலிவரியின்போது ஷோரூமில் பொருத்திய ஃபாக் லைட்டின் ஒயர் ஸ்டியரிங்கில் அழுந்துகிறது. ஹேண்டிலை முழுதாக இடப்பக்கம் திருப்பினால் ஹார்ன் வேலை செய்வதில்லை." யார் மாட்டினார்கள், என்ன நடக்கிறது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. "வாய்ல சொன்னாப் போதும் சார், நான் பார்த்துக்கறேன்" என்றால், அதையே வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள். "ஃபர்ஸ்ட் சர்வீஸுக்கு வரும்போது பார்த்துக்கலாம்" என்பதும் காலம் கடத்தும் வழிதான். ஹேண்டில், பிரேக், ஒயரிங் விஷயம் முதல் சர்வீஸ் வரை காத்திருக்காது.

என்ன கேட்க வேண்டும்

"சரி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் இன்னும் ஒரு சுற்று டேப் சுற்றித் தருவார்கள். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து போங்கள்.

பொருள் நல்லது, வேலைதான் மோசம் என்றால், சரியான ஒயரிங் கிட், ரிலே, ஃபியூஸோடு மறுபடி மாட்டச் சொல்லலாம். ஆனால் அதே ஃபிட்டர் கையில் போகக்கூடாது, சர்வீஸ் சென்டர் மெக்கானிக் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பொருளே வண்டிக்குப் பொருந்தவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கழற்றி வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பொருள் விலையையும் மாட்டிய கூலியையும் திருப்பிக் கேளுங்கள். ஃபாக் லைட் விஷயத்தில் பெரும்பாலும் இதுதான் நல்லது என்பது என் எண்ணம். மூன்றாவது, அவர்கள் வேலையால் வண்டியே சேதமானால், அதாவது வெட்டிய ஒயரிங், போன மரை, கீறிய டேங்க் என்றால், அந்தப் பாகத்தை மாற்றித் தரக் கேளுங்கள். வெட்டிய ஒயரிங்கை ஒட்டித் தருவதை ஏற்க வேண்டியதில்லை. மரைக்கு மட்டும், இன்செர்ட் (துளைக்குள் பொருத்தும் புது மரை) போட்டு மீட்பது முறையான வேலையே. ஒழுங்காகச் செய்தால் பழைய மரையைவிட உறுதி.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, ஷோரூம் வாசலில் செய்த சோதனையை முழுதாக மறுபடி செய்யுங்கள். அதன்பிறகே "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்து.

மசியாவிட்டால்

அட்வைசரைத் தாண்டி ஒர்க்ஸ் மேனேஜர், அவரைத் தாண்டி டீலர்ஷிப் உரிமையாளர். இரண்டு பேருக்கும் எழுத்தில். ஒரு வாரம் கெடு கொடுத்து, பதில் இல்லையென்றால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போய், சேசிஸ் நம்பரோடு புகாரைப் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். கம்பெனியின் சொந்த ஆக்சஸரி என்றால் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வரைக்கும் விஷயம் போகும். வெளிப்பொருள் என்றால் "அது டீலர் போட்டது" என்று கம்பெனி கைவிரிக்கலாம். அதையும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். டீலர்தான் பொறுப்பு என்பதற்கு கம்பெனியே கொடுத்த சாட்சி அது.

இந்தக் கட்டத்தில் அதே கம்பெனியின் வேறொரு சர்வீஸ் சென்டரில் காசு கட்டிப் பரிசோதனை செய்து, அவர்கள் ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "ஒயரிங் வெட்டி இணைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி உங்கள் பத்து மெயிலுக்குச் சமம்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பேசித் தீர்க்க முயல்வார்கள். சில ஆயிரம் ரூபாய் தகராறுக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள அந்த 2019 சட்டத்தில் நமக்குச் சாதகமான சில விஷயங்கள் இருக்கின்றன. ஷோரூம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் இணையம் வழியாகவே பதியலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும், அதுதான் கெடு. சீட் கவருக்காக இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஒயரிங் முழுதாக மாற்றும் அளவுக்குச் சேதம், அல்லது அதனால் விபத்து என்றால் தயங்கவே வேண்டாம். டீலரையும் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கணக்கு முடிந்தபிறகு

பணம் கைக்கு வந்து, வண்டி பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு வெளியில் யாரிடம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பைக் ஒயரிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரெடிமேட் ஒயரிங் கிட்டை நீங்களே வாங்கிப்போய், "வண்டி ஒயரை வெட்டாம போடணும் அண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாட்டி 300 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை சோதியுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் பொருத்தாத மின்சார ஆக்சஸரீஸைத் தெரிவித்து அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும். விலை கூடிய விளக்கு போட்டிருந்தால் அடுத்த ரெனிவலில் பில்லோடு சேர்க்கச் சொல்லுங்கள்.